நன்றாக உழைத்த பெட்டி

பொருள்களைப் பற்றிப் பேசும்போது ‘உழைக்கும்’ என்கிறோம். இந்தச் செருப்பு ரெண்டு வருஷம் உழைக்கும். அந்தப் புடவை என்னமா உழைச்சுது! ஃப்ரிட்ஜ் பற்றிப் பேச்சு வந்தால் இந்தச் சொல் கட்டாயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். “அந்தக் காலத்துப் பெட்டி இருபத்தஞ்சு, முப்பது வருஷம் உழைச்சுது. இப்ப வர்றதெல்லாம் எட்டு வருஷம் தாண்ட மாட்டேங்குது.” இதை என்னிடம் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். திறந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பதோடு அவர்களுக்கும் அந்தப் பெட்டிக்குமான உறவு முடிந்துவிடுகிறது. காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் திரும்ப வைப்பது வேறொருவர் வேலை.

ஒரு பொருள் கெடாமல் நீடிப்பதற்கும் ஒரு மனுஷி உடம்பு நோக வேலை செய்வதற்கும் தமிழில் ஒரே சொல் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் ஆயுள் என்று நாம் பேசுவதில் இந்த இரண்டு அர்த்தங்களும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று பார்க்க எனக்கு ஓர் ஆவணம் கிடைத்தது. அம்மாவின் கணக்கு நோட்டுகள்.

அம்மா மதுரையில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். 1983 ஜூனில், அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு, 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கினார். அவருடைய நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல் அதன் விலை. மூன்று ஆண்டு அவர் சம்பளத்தில்தான் தவணை பிடித்தார்கள். ஆனாலும் உறவினர் மத்தியில் அது கடைசிவரை ‘அப்பா வாங்கின ஃப்ரிட்ஜ்’தான்.

நோட்டுகளில் அந்தப் பெட்டியின் வாழ்க்கை முழுக்க இருக்கிறது. 1983: ஃப்ரிட்ஜ், ஸ்டெபிலைசர், மர ஸ்டாண்டு, வண்டிக் கூலி. 1987: ரிலே மாற்றியது. 1991: கேஸ் அடித்தது. 1994: கதவு ரப்பர். 1999: மறுபடி கேஸ். 2003: தெர்மோஸ்டாட். 2007: கம்ப்ரசர். 2011: பழைய இரும்புக்குப் போட்டது, வரவு. 28 ஆண்டுகளில் மெக்கானிக் வந்த வரிகள் பத்துகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு ‘அந்தக் காலத்துப் பெட்டி’ என்று யாரும் பெருமூச்சு விடலாம். நானும் விட்டிருப்பேன், அந்த வீட்டில் வளராமல் இருந்திருந்தால்.

நோட்டில் இல்லாதது, காசு செலவாகாத வேலை. பழைய பெட்டிகளில் ஃப்ரீசர் அறையைச் சுற்றி ஐஸ் கட்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போகும் ஈரக்காற்று அங்கே போய் உறையும். ஐஸ் கால் அங்குலத்துக்கு மேல் தடித்துவிட்டால் அதுவே ஒரு போர்வையாகிவிடும். உள்ளே இருக்கிற சூட்டைக் குளிர்ந்த தகடு இழுக்க முடியாமல், கம்ப்ரசர் நிற்காமல் ஓடத் தொடங்கும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பிறகு, அம்மா ஃப்ரிட்ஜை அணைப்பார். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் நிரம்ப நிரம்ப எடுத்துக் கொட்டுவார். வெந்நீர்க் கிண்ணம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார். பழைய வேட்டித் துணியால் துடைப்பார். கதவு ரப்பரின் மடிப்புகளில் கறுப்பாகப் படியும் பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு எடுப்பார். ரப்பர் கதவோடு சரியாகப் படிகிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுப்பார். தாள் சுலபமாக வந்துவிட்டால் குளிர் வெளியே போகிறது என்று பொருள். மாதம் ஒரு முறை பெட்டியைத் தள்ளி, பின்பக்கக் கம்பிச் சட்டத்தில் படிந்த ஒட்டடையைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவார்.

காத்திருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, கை படும் வேலையை மட்டும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், ஆண்டுக்கு 24 முறை, 28 ஆண்டுகளில் 672 முறை. 1,008 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 126 நாள். ஒட்டடை அடித்தது இதில் சேர்த்தியில்லை.

ஸ்டெபிலைசர் காவலும் இதில் இல்லை. அன்றைய நாள்களில் மாலை ஆறரைக்குத் தெருவே விளக்குப் போட்டதும் மின்னழுத்தம் சரியும். ஸ்டெபிலைசரில் ஒரு முள் இருக்கும். அது கீழே இறங்கினால் அம்மா ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் போடுவார். கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டார் முழு அழுத்தம் இல்லாமல் கிளம்ப முயன்றால் முனகும், சூடேறும், ‘டக்’ என்று தானாக வெட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் மறுபடி முயலும். இது பல மாலைகள் நடந்தால் உள்ளே செம்புக் கம்பியின் மேல்பூச்சு கருகிப் போகும். மின்சாரம் போய் உடனே வந்தாலும் இதே ஆபத்துதான். குழாய்களுக்குள் அழுத்தம் சமனாக மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் கிளம்பச் சொன்னால் மோட்டார் திணறும். இந்த விளக்கம் எல்லாம் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, நாடி பார்க்கிற மாதிரி, “இன்னைக்கு ரொம்ப இரைக்குது” என்பார்.

சரி, இது ஒரு வீட்டின் கதை. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

வீட்டு ஃப்ரிட்ஜின் நீண்ட ஆயுளுக்கு ஒரு தொடக்கப் புள்ளி சொல்ல வேண்டுமென்றால் அது 1927. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அந்த ஆண்டு ‘மானிட்டர் டாப்’ என்று பெயர்பெற்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பெட்டியின் தலைமேல் உருண்டையாக ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்பு வந்த பல பெட்டிகளில் மோட்டார் தனி, கம்ப்ரசர் தனி, நடுவில் பெல்ட். பெல்ட் தேயும், இணைப்புகளில் வாயு கசியும், அடிக்கடி ஆள் வர வேண்டும். மானிட்டர் டாப்பில் மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே எஃகு உறைக்குள் எண்ணெயோடு வைத்து மூடிவிட்டார்கள். இந்த யோசனைக்கு முன்னோடி, மூடிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்த ஆடிஃப்ரன் என்ற பிரெஞ்சுத் துறவி. 10 லட்சத்துக்கும் மேல் விற்ற மானிட்டர் டாப்பில் சில இன்றும் சேகரிப்பாளர்களிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றைக் காட்டித்தான் ‘அந்தக் காலத்துப் பொருள்’ என்கிறார்கள். குப்பைக்குப் போன லட்சக்கணக்கான பெட்டிகளை யாரும் காட்ட முடியாது. பிழைத்தவைதான் கண்ணில் படும்.

இதே ஆண்டுகளில், பெட்டியைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் கடமை என்பதும் அச்சில் ஏறிவிட்டது. இதில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான ஆள் மேரி எங்கிள் பென்னிங்டன். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை வகித்தவர். கோழி, முட்டை, மீன் எல்லாம் கெடாமல் ரயிலில் போவதற்கான முறைகளை வகுத்தவர். அவர் 1923 முதல் பனிக்கட்டி வியாபாரிகளின் சங்கம் நடத்திய வீட்டுக் குளிர்பதனப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். வீட்டுப் பனிப்பெட்டியை எங்கே வைப்பது, எப்படிக் கழுவுவது, எதை எந்தத் தட்டில் வைப்பது என்று இல்லத்தரசிகளுக்குச் சிறுநூல்கள் வெளியிட்ட பிரிவு அது. ரயில் பெட்டிகளுக்கு அவர் எழுதியபோது படித்தவர்கள் பொறியாளர்கள், சம்பளம் வாங்குபவர்கள். வீட்டுப் பெட்டிக்கு எழுதியபோது படித்தவர்கள் மனைவிமார். அறிவு ஒன்றுதான். ஒரு பக்கம் அது தொழில், மறுபக்கம் அது குடும்பப் பொறுப்பு. இதற்காக பென்னிங்டன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கிடைத்த கதவுகளே அவ்வளவுதான்.

இந்தத் திசையில் என்னை யோசிக்க வைத்தவர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். 1983-ல் வெளிவந்த ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில், வீட்டு இயந்திரங்கள் பெண்களின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை, வேலையின் வகையைத்தான் மாற்றின என்று காட்டிய வரலாற்றாசிரியர். ஃப்ரிட்ஜ் ஏன் இரைகிறது என்றும் அவர் கேட்டார். கேஸ் சுடரின் வெப்பத்திலேயே குளிரூட்டும் பெட்டிகளும் அந்தக் காலத்தில் இருந்தன. அவற்றில் மோட்டார் இல்லை. ஓடித் தேயும் பாகம் இல்லை, சத்தமும் இல்லை. அவை பின்தங்கியதற்கு, மின்சாரப் பெட்டி செய்த பெரிய நிறுவனங்களிடம் இருந்த பணமும் விளம்பர பலமும் முக்கியக் காரணம் என்கிறார் கோவன். நம் அடுப்படிக்கு எந்த வகைப் பெட்டி வரும், அது எப்படித் தேயும் என்பதெல்லாம் இப்படி வேறெங்கோ முடிவானது.

இந்தியாவில் கோத்ரெஜ் முதல் ஃப்ரிட்ஜைத் தயாரித்தது 1958-ல். பிறகு ஹைதராபாத்தின் ஆல்வின், கெல்வினேட்டர், வோல்டாஸ் என்று எண்ணிச் சொல்லிவிடக்கூடிய சில பெயர்கள்தான் 1990கள்வரை. ஆடம்பரப் பொருள் என்று கலால் வரி. வாங்குவது வாழ்க்கையில் ஒரு முறை. கெட்டால் புதிது என்ற எண்ணமே யாருக்கும் வராது. பெட்டிகளும் அதற்கு இடம் கொடுத்தன. வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பெட்டிக்கு வெளியே, பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. ஓட்டை விழுந்தால் பற்றவைக்கலாம். தெர்மோஸ்டாட், ரிலே, ரப்பர் எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மூடி முத்திரை வைத்த கம்ப்ரசரையே வெட்டித் திறந்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, திரும்பப் பற்றவைத்துக் கொடுக்கிற பட்டறைகள் நம் ஊர்களில் இருந்தன. இப்போதும் சில இருக்கின்றன. ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

ஆக, 28 ஆண்டின் பின்னால் விலை, வரி, வெளியே தெரிந்த குழாய், பட்டறைத் தொழிலாளியின் கை, அம்மாவின் சனிக்கிழமைகள் எல்லாம் இருந்தன. ‘நல்ல கம்பெனி’ என்ற இரண்டு சொல்லில் இத்தனையும் மறைந்துபோகிறது.

கெட்டுப்போனால் மட்டும் பெண் உடனே காட்சிக்கு வந்துவிடுவாள். பழைய பெட்டிகளின் சாவுக்கு மிகப் பரவலான காரணங்களில் ஒன்று கத்தி. ஃப்ரீசரின் சுவர் என்பது இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவில் வாயு ஓட வழி விட்டது. ஐஸில் ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டைப் பெயர்க்கக் கத்தியை விட்டால் ஒரு குத்தில் துளை விழும். உஸ்ஸென்று வாயு போய்விடும். மெக்கானிக் வந்ததும் முதல் கேள்வி: “கத்தி வெச்சுக் குத்தினீங்களா, அம்மா?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் கையில் வராவிட்டால் காபி தாமதமாகும், காபி தாமதமானால் வீட்டில் யார் குரல் உயரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதேபோல “சூடா உள்ள வெச்சியா?”, “கதவைச் சரியா மூடலையா?” என்ற கேள்விகள். கோடையில் கதவைத் திறந்து முன்னால் நின்று காற்று வாங்கும் பிள்ளைகளும், நாளுக்குப் பத்து முறை தண்ணீருக்காகத் திறக்கும் கணவரும் அந்த விசாரணையில் சேர்வதில்லை.

கதவு திறப்பது என்றதும் பூட்டு நினைவுக்கு வருகிறது. அன்றைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பூட்டும் சாவியும் இருந்தன. பல வீடுகளில் அந்தச் சாவி மாமியாரின் இடுப்பில். மருமகள் பசித்தால் கேட்டுத்தான் திறக்க வேண்டும். வேலைக்கு வரும் பெண் தொடவே கூடாது. கதவு எவ்வளவு குறைவாகத் திறக்கிறதோ அவ்வளவுக்கு இயந்திரத்துக்கு ஓய்வு என்பது உண்மை. அந்த வீடுகளின் ஃப்ரிட்ஜுகள் நெடுநாள் உழைத்திருக்கும், சந்தேகமில்லை. கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பெட்டியை வைத்ததும் அப்படித்தான். அடுப்புச் சூட்டிலிருந்து விலகியிருந்ததால் இயந்திரத்துக்கு நல்லது. ஒவ்வொரு கறிவேப்பிலைக் கொத்துக்கும் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடந்தது யாருடைய கால் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1980களிலிருந்து கட்டில், பீரோவோடு ஃப்ரிட்ஜும் சீர்வரிசையில் ஏறியது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் மணமக்களுக்குக் கேட்காமல் கொடுக்கும் பரிசுகளுக்கு அதில் இடமுண்டு. அவற்றைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று 1985-ல் விதி வந்தது. பட்டியல் எழுதிய கல்யாணம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. என் தோழி ஒருத்தி பதினோரு வருஷக் குடித்தனத்தை விட்டு வெளியே வந்தபோது, அவள் அப்பா வாங்கித் தந்த ஃப்ரிட்ஜைக் கேட்டாள். “அது ஓடி ஓடித் தேஞ்சு போன பெட்டி, அதை வெச்சு என்ன பண்ணப் போறே?” என்றார்கள். அவள் நகையைக் கேட்டபோதுகூட இவ்வளவு சாமர்த்தியமான பதில் வரவில்லை. பொருளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அதன்மேல் பெண்ணுக்கு இருந்த உரிமையும் முடிந்துவிடுகிறது. மனைவியின் சீதனம் அவளுக்கே உரியது, கணவன் அதைத் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே தீர்ப்பளித்திருந்தது. தேய்ந்த பெட்டி என்பதால் உரிமை தேயும் என்று அதில் எங்கும் இல்லை. தோழி வக்கீலை வைத்துக் கேட்டு வாங்கினாள். அதற்கப்புறம் அந்தப் பெட்டி அவளிடம் ஆறு வருஷம் ஓடியது.

1990களின் பின்பாதியில் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. ஐஸ் கட்டாத ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ பெட்டிகள் மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன. இந்தப் பெட்டிகளைப் பற்றி நான் ஒரு குறை சொல்வதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாவின் 1,008 மணி நேரத்தை இல்லாமல் செய்தது இதுதான். பழைய பெட்டியைப் புகழ்கிற பேச்சில் எனக்கு ஏற்படும் எரிச்சலுக்குக் காரணமும் இதுதான். அந்தச் சனிக்கிழமை ராத்திரிகளைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பெண்ணும் சம்மதிக்கமாட்டாள், சம்மதிக்கவும் வேண்டாம். சூழலுக்கும் அந்தப் பழைய பெட்டிகள் நல்லவையல்ல. அவற்றில் ஓடிய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்து, இந்தியாவும் 1992-ல் சேர்ந்து, 2010-க்குள் அந்த வகை வாயுக்களை விலக்க வேண்டியிருந்தது. மின்சாரத்தையும் அவை அதிகம் குடித்தன.

ஆனால் ஐஸ் கட்டாமல் இருப்பதற்கு ஒரு வேலை நடந்துகொண்டிருக்கத்தான் வேண்டும். அம்மா வெந்நீர்க் கிண்ணம் வைத்துச் செய்ததை இப்போது ஒரு சின்ன ஹீட்டர் செய்கிறது. எப்போது செய்ய வேண்டும் என்று டைமரோ சர்க்யூட் போர்டோ சொல்கிறது. அதிகம் சூடாகாமல் ஒரு ஃபியூஸ் பார்த்துக்கொள்கிறது. குளிரை எல்லா மூலைக்கும் அனுப்ப ஒரு விசிறி. சனிக்கிழமை வேலையை நான்கு பாகங்களாகப் பிரித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான்கில் எது போனாலும் பெட்டி குளிராது. பின்பக்கக் கம்பிச் சட்டமும் பல மாடல்களில் போய்விட்டது. குழாய்கள் பக்கவாட்டுச் சுவருக்குள், காப்பு நுரையில் புதைந்திருக்கின்றன. பார்க்க அழகு, ஒட்டடையும் இல்லை. அங்கே கசிவு ஏற்பட்டால் பெட்டியைப் பிளக்காமல் கை வைக்க முடியாது.

2013-ல் சென்னையில் நான் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. ‘கம்ப்ரசருக்கு 10 ஆண்டு வாரண்டி’ என்று கதவில் பெரிய ஸ்டிக்கர். பெட்டிக்கு மொத்தமாக ஓராண்டுதான் என்பது உள்ளே சின்ன எழுத்தில். எட்டாவது ஆண்டில் குளிர்வது நின்றது. கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகவில்லை, சர்க்யூட் போர்டு போய்விட்டது. “அந்த மாடலை நிறுத்திட்டாங்க மேடம், போர்டு வராது” என்று வந்தவர் சொன்னார். அவர் பையிலிருந்தே எக்ஸ்சேஞ்ச் திட்டத்தின் காகிதம் வெளியே வந்தது. வாரண்டி இருந்த பாகம் நன்றாக இருந்தது. கெட்ட பாகத்துக்கு வாரண்டி இல்லை. நல்ல கம்ப்ரசரோடு, நல்ல கதவோடு, நல்ல தட்டுகளோடு அந்தப் பெட்டி போய்விட்டது.

எட்டு ஆண்டா, இருபத்தெட்டு ஆண்டா என்பது இயந்திரத்தின் தலையெழுத்தல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்குப் போன பிறகும் தெர்மோஸ்டாட், சர்க்யூட் போர்டு, கதவுக் கீல், தட்டு போன்றவை குறைந்தது 7 ஆண்டு கிடைக்க வேண்டும். கதவு ரப்பர் 10 ஆண்டு. ரப்பருக்குத் தனியாகக் கூடுதல் ஆண்டு கொடுத்த அந்த வரியைப் படித்தபோது, பத்து ரூபாய்த் தாளோடு நின்ற அம்மாவின் முகம்தான் தெரிந்தது. இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. மறுபக்கம், நம் மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் ஃப்ரிட்ஜுக்குச் சராசரி ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துத்தான் கழிவின் அளவைக் கணக்கிடுகிறார்கள். குப்பை எவ்வளவு சேரும் என்று மதிப்பிட அந்த எண் பயன்படலாம். கடைக்காரர்கள் அதை ஆயுள்ரேகையாகப் படித்துக் காட்டும்போதுதான் சிக்கல்.

தவிர, பத்து ஆண்டு முடிந்த எல்லாப் பெட்டியும் கழிவாவதில்லை. பெண்கள் வழியாக அவை கைமாறுகின்றன. எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்யும் அக்கா, நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கிறார். ஒரு வீட்டுக்காரர்கள் புதிது வாங்கியபோது அவர்களுடைய பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியை அவருக்கு ‘சும்மாவே’ கொடுத்தார்கள். தீபாவளி போனஸ் அந்த ஆண்டு வரவில்லை என்பதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வண்டிக் கூலியும் கேஸ் அடித்த செலவும் அவருடையது.

அந்தப் பெட்டியில் வீட்டுச் சாப்பாடு கொஞ்சம்தான். மீதி இடமெல்லாம் வியாபாரம். அரைத்த மாவுப் பாக்கெட், எதிர்வீட்டுப் பூக்காரம்மாவின் மல்லிகைச் சரம், கோடையில் குச்சி ஐஸ். 2006-ல் இலவசத் தொலைக்காட்சி வந்தது, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், விசிறி வந்தன. அந்தத் திட்டங்களில் ஃப்ரிட்ஜ் இல்லை. கிரைண்டர் அரசாங்கம் கொடுத்தது, ஆனால் அரைத்த மாவை வைக்கப் பெட்டி இல்லாமல் எப்படி விற்பது என்று அக்காதான் ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் படித்த எந்தப் பொருளாதாரக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை.

மின்கட்டணம் இன்னொரு கணக்கு. 2016-லிருந்து தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாளுக்கு ஒன்றரை யூனிட் இழுக்கிற பழைய பெட்டி என்றால் அறுபது நாளில் 90 யூனிட் அதற்கே போய்விடும். பத்து யூனிட்டில் விசிறி, விளக்கு, கிரைண்டர், டி.வி. ஓட முடியாது. அதனால் பனிக்காலத்தில் அக்கா ராத்திரி பதினொன்றுக்கு ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, விடிகாலை நான்கரைக்கு வேலைக்குக் கிளம்புமுன் போட்டுவிட்டு வருகிறார். பூ இருக்கிற நாளில் அணைப்பதில்லை. பூக்காரம்மா அதற்கு வாரம் இருபது ரூபாய் கொடுக்கிறார்.

பெட்டிக்கு இப்போது பத்தொன்பது வயது என்று நினைக்கிறேன். உற்பத்தி ஆண்டு அச்சிட்ட தகடு துருப்பிடித்துவிட்டது. போன மாதம் கதவு ரப்பர் தளர்ந்து குளிர் நிற்கவில்லை என்றார். புது ரப்பர் கேட்டு மூன்று கடை ஏறினோம். அந்த மாடலுக்கு இல்லை. நான்காவது கடையில் ஒரு வயதானவர், வேறொரு கம்பெனியின் ரப்பரை அளந்து வெட்டி, மூலையில் ஒட்டித் தருவதாகச் சொன்னார். “எத்தனை நாளைக்கு உழைக்கும், அண்ணே?” என்று அக்கா கேட்டார்.

“நீ எப்படிப் பாத்துக்கறியோ அப்படிம்மா” என்றார் அவர்.